கொல்வது பாம்பு மட்டுமா?

உலகின் கொடிய நச்சுப் பாம்புகள் பத்து என்றொரு பட்டியல் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்துவிடுகிறது. பெரும்பாலும் முதலிடம் ஆஸ்திரேலியாவின் தைப்பான் பாம்புக்கு. அதன் ஒரே கடியில் வெளிப்படும் நஞ்சு எத்தனை மனிதர்களைக் கொல்லப் போதுமானது என்னும் கணக்கும் தவறாமல் உடன் வரும். படிப்பவர் ஒரு கணம் நடுங்குவார். பிறகு நம் நாட்டில் அப்படியொன்று இல்லையே என்று ஆறுதல் கொள்வார்.

இப்பட்டியல் எதைக் கொண்டு தயாரிக்கப்படுகிறது? ஆய்வுக்கூடத்துச் சுண்டெலிகளில் பாதியைக் கொல்ல எவ்வளவு நஞ்சு வேண்டும் என்னும் அளவைக் கொண்டு. சுண்டெலியைப் பொறுத்தவரை அது சரியான கணக்குதான். ஆனால் நஞ்சில் முதலிடம் பெறும் அந்தத் தைப்பான், மனித நடமாட்டம் அருகிய வறண்ட உள்நாட்டில் வாழ்வது. அது ஒருவரைக் கடிப்பதே மிக அரிது. ஆஸ்திரேலியா முழுவதிலும் ஓராண்டில் பாம்புக்கடியால் இறப்போர் சராசரியாக இரண்டு அல்லது மூன்று பேர். குதிரைகளால் அங்கே இறப்போர் அதைவிட அதிகம்.

இந்தியாவிலோ 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் இறந்தோர் சுமார் 12 லட்சம். ஆண்டுக்குச் சராசரி 58,000. வீடு வீடாகச் சென்று மரணத்தின் காரணத்தை விசாரித்துத் தொகுத்த ஆய்வின் அடிப்படையில் 2020இல் வெளியான மதிப்பீடு இது. அதே ஆய்வு வரிசையில் 2011இல் வந்த கட்டுரை, இறந்தவர்களில் 97 விழுக்காட்டினர் கிராமப்புறத்தவர் என்றும், நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் மருத்துவமனைக்கு வெளியிலேயே இறந்தனர் என்றும் காட்டியது. வரப்பில், களத்து மேட்டில், தரையில் விரித்த பாயில், வழியில் கிடைத்த வண்டியில் முடிந்துபோன உயிர்கள் அவை. மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறாத மரணம் அரசின் கணக்கிலும் ஏறுவதில்லை. மக்களவையில் அமைச்சர் படிக்கும் எண்ணிக்கைக்கும் இந்த 58,000க்கும் இடையில் கிடக்கும் பள்ளத்தில் இருப்பவர்கள் யார் என்று கேட்டால், விவசாயத் தொழிலாளரும் பழங்குடியினரும் என்பதுதான் விடை.

அந்தமானின் சாத்தத்திலிருந்து பார்க்கும்போது இந்த விடை இன்னும் துலக்கமாகத் தெரியும். போர்ட் பிளேருடன் பாலத்தால் இணைந்த சிறு தீவு சாத்தம். (ஊரின் பெயரை 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். பெயரை மாற்ற ஓர் அறிவிப்பு போதும். மருத்துவரை நியமிக்க அது போதாது.) 1858 மார்ச்சில் முதல் கைதிகளைக் காலனிய அரசு கொண்டுவந்து இறக்கியது இங்கேதான். 1883இல் மர அறுவை ஆலை இங்கே நிறுவப்பட்டது. கைதிகளும், பின்னர் சோட்டா நாக்பூர் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட ராஞ்சித் தொழிலாளர்களும், தமிழரும் தெலுங்கரும் வங்காளிகளும் வெட்டிச் சாய்த்த படாக் மரங்கள் சாத்தத்து ரம்பங்களைக் கடந்துதான் உலகச் சந்தைக்குச் சென்றன. வெறுங்காலுடன் காட்டுக்குள் நுழைந்தவர்கள் அவர்கள். மரத்தின் பட்டைக்கடியில் என்னென்ன இருக்கும் என்பது, அதை ரசித்துப் பார்க்கும் சுற்றுலாப் பயணிக்கு அல்ல, அதைத் தோளில் சுமந்தவருக்குத்தான் தெரியும்.

அந்தமானின் பூரான் ஒரு சாணுக்கும் மேல் வளரக்கூடியது. அதன் கடி தாங்கமுடியாத வலி தரும். உயிரைப் பறிப்பது மிக அரிது. வெள்ளைக் கருப்பு வரிகளுடன் பாறைகளில் சுருண்டு கிடக்கும் கடற்பாம்பின் நஞ்சு மிகக் கடுமையானது. ஆனால் அது கடிப்பதற்கு மனமில்லாத சாது. முதலை வேறு வகை. 2010 ஏப்ரலில் ஹேவ்லாக் தீவில் ஓர் அமெரிக்கச் சுற்றுலாப் பயணியை உப்புநீர் முதலை கொன்றபோது உலக ஊடகங்கள் அனைத்தும் எழுதின. கழிமுகத்தில் நண்டு பிடிக்கப்போகும் உள்ளூர்க்காரர் தாக்கப்பட்டால் அச்செய்தி தீவுகளைத் தாண்டுவதில்லை.

பாம்புகளின் செய்தி இன்னும் விசித்திரமானது. இந்தியாவில் அதிக உயிர்களைப் பறிப்பவை என்று நான்கினைச் சொல்வோம்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நான்கில் ஒன்றுகூட அந்தமானின் இயற்கைக் குடி அல்ல. அங்கே இருப்பது அந்தமானுக்கே உரிய நாகம், அந்தமானுக்கே உரிய கட்டுவிரியன், ராஜநாகம், சில வகைக் குழிவிரியன்கள். ஆனால் இந்தியாவில் தயாராகும் பாம்புக்கடி மருந்து, முன்சொன்ன நான்கு பாம்புகளின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்யப்படுவது. எந்த நஞ்சு செலுத்தப்பட்டதோ அதை அது நன்றாக முறிக்கும். அதற்கு நெருங்கிய உறவுடைய நஞ்சை ஓரளவு முறிக்கும். மற்றதன் முன் பெரும்பாலும் செயலற்று நிற்கும். ஆகவே, தீவின் நாகம் கடித்தவருக்கு அம்மருந்து ஓரளவு கைகொடுக்கலாம். குழிவிரியன் கடித்தவருக்கென்று இந்தியாவில் மருந்தே தயாரிக்கப்படுவதில்லை.

அந்த மருந்துக்கான நஞ்சு வருவது பெருமளவில் ஒரே இடத்திலிருந்து: மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலி. பாம்புத் தோல் வணிகம் தடைசெய்யப்பட்டு வாழ்வாதாரம் இழந்த இருளர்கள் 1978இல் அமைத்த பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்புகளைப் பிடித்து, சில வாரங்கள் வைத்திருந்து நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறது. அதன் உறுப்பினர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. நாடெங்கும் இலட்சக்கணக்கானோர் உயிர்பிழைப்பது இந்த ஏழைப் பழங்குடிகளின் கைத்திறனால்தான் என்பதைப் பெருமையுடன் சொல்லலாம். அதே நேரத்தில் ஓர் உபகண்டத்தின் உயிர்காக்கும் மருந்துக்கு ஒரே வட்டாரத்துப் பாம்புகளை நம்பியிருப்பது இருளர்களின் குற்றமன்று, அரசின் சோம்பல் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரே இனப் பாம்பின் நஞ்சுகூட வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது என்பதையும், தென்னாட்டு நஞ்சிலிருந்து செய்த மருந்து பிற பகுதிகளின் பாம்புகளுக்கு எதிராகத் திறன் குன்றுகிறது என்பதையும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் மெய்ப்பித்திருக்கிறார்கள்.

போர்ட் பிளேருக்குச் சென்னையைவிட பாங்காக் அருகில் இருக்கிறது. அங்கே தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கம் 1923இலேயே பாம்புப் பண்ணை அமைத்து, அந்நாட்டின் ராஜநாகத்துக்குத் தனி மருந்து, பச்சைக் குழிவிரியனுக்குத் தனி மருந்து என்று செய்து வருகிறது. இலாப நோக்கற்ற ஒரு நிறுவனத்தால் அங்கே இயன்றது, நிலவுக்குக் கலம் அனுப்பும் அரசால் இங்கே ஏன் இயலவில்லை? தீவுகளில் கடிபடுவோர் எண்ணிக்கை மருந்து நிறுவனத்துக்கு இலாபம் தரும் அளவுக்கு இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் தென்படவில்லை.

மருந்து பொருந்தாத இடத்திலும் உயிரைக் காக்க வழி உண்டு என்பதுதான் இதில் மிக முக்கியமானது. கட்டுவிரியனின் நஞ்சு நரம்புக்கும் தசைக்கும் இடையிலான தொடர்பை அறுத்துவிடும். இமை சரியும், நாக்கு குழறும், கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுபோகும். இதயம் அப்போதும் துடித்துக்கொண்டிருக்கும். அந்நேரத்தில் குழாய் செருகி, கருவியாலோ கையால் அழுத்தும் பையாலோ மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தால் சில நாட்களில் நரம்பு தேறி நோயாளி எழுந்துவிடுவார். இதற்கு வேண்டியது அரிய மருந்தன்று. பயிற்சி பெற்ற ஒரு மருத்துவரும், கண்விழித்திருக்கும் ஒரு செவிலியரும், நோயாளியை அங்கே கொண்டு சேர்க்கும் ஒரு படகும். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட, இலங்கையிலிருந்து திரும்பிய நம் மக்களுக்கும், கேம்பல் பே குடியேறிகளுக்கும், நிக்கோபாரிகளுக்கும் பெரிய சிகிச்சை என்றால் போர்ட் பிளேர்தான். கடல் கொந்தளித்தால் கப்பல் இல்லை; வானிலை கெட்டால் ஹெலிகாப்டரும் இல்லை.

இலங்கையைப் பாருங்கள். பாம்புகளும் வயல்களும் வெறுங்கால்களும் அங்கேயும் இவைதாம். அங்கே 2012-13இல் வீடு வீடாக எடுத்த கணக்கின்படி ஓராண்டில் கடிபட்டோர் சுமார் 80,000, இறந்தோர் 464. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இறப்பு விகிதம் நம்முடையதில் ஏறத்தாழப் பாதி. அங்கே பயன்படுவதும் இந்தியாவிலிருந்து இறக்குமதியாகும் மருந்தே. அதனால் முறிக்கப்படாத குழிவிரியன் ஒன்று அங்கேயும் உண்டு. அப்படியிருந்தும் ஏன் இந்த வேறுபாடு? எட்டும் தூரத்தில் கட்டணமில்லாத அரசு மருத்துவமனையும், அங்கே போகலாம் என்று மக்களுக்குள்ள நம்பிக்கையும்தான் முதன்மைக் காரணம் என்பது என் துணிபு.

பிரேசிலிலும் இதே பாடம். சாவ் பாவ்லோவின் புட்டான்டான் நிறுவனம் 1901 முதல் பொதுத்துறையில் நச்சுமுறிவு மருந்து தயாரிக்கிறது. பொதுச் சுகாதார அமைப்பின் வழியாக அது மக்களுக்கு இலவசமாகச் சேர்கிறது. அமேசான் காட்டையே கொண்டிருக்கும் அந்நாட்டில் ஆண்டுக்கு 30,000 அளவில் கடிபட்டாலும் இறப்போர் நூற்றுச் சொச்சம்தான். கோஸ்டா ரிக்கா போன்ற சிறு நாடு, 1970இல் நிறுவிய பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தின் மூலம் தனக்கு மட்டுமின்றி நைஜீரியாவுக்கும் மருந்து செய்து தருகிறது.

சந்தையிடம் விட்டால் என்ன நடக்கும்? பிரான்சின் சனோஃபி நிறுவனம், ஆப்பிரிக்காவின் பத்து வகைப் பாம்புகளுக்கு எதிரான மருந்தின் தயாரிப்பை இலாபமில்லை என்று 2014இல் நிறுத்தியது. கடைசித் தொகுதி 2016 ஜூனில் காலாவதியானது. அமெரிக்காவில் மருந்து தாராளமாக உண்டு. ஆனால் 2015இல் கலிஃபோர்னியாவில் சங்கிலிக் கறுப்பன் போல வாலை ஆட்டி ஒலியெழுப்பும் விரியனிடம் கடிபட்ட ஒருவருக்கு மருத்துவமனை நீட்டிய சீட்டில் இருந்த தொகை ஒன்றரை லட்சம் டாலருக்கும் மேல். நம் நாட்டில் கிண்டி கிங் நிலையமும் கசௌலி மத்திய ஆய்வு நிலையமும் இம்மருந்தைத் தயாரித்த காலம் ஒன்று இருந்தது. இன்று மும்பை ஹாஃப்கின் நிறுவனம் போன்ற ஓரிரு பொதுத்துறை அமைப்புகள் நீங்கலாகச் சந்தையின் பெரும்பகுதி தனியார் வசம்.

உலக சுகாதார நிறுவனம் 2017 ஜூனில் பாம்புக்கடி நச்சேற்றத்தைப் ‘புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்’களில் சேர்த்தது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இந்தத் தொடர் எப்போதும் உறுத்தும். ‘புறக்கணிக்கப்பட்ட’ என்னும் செயப்பாட்டு வினை, புறக்கணித்தவரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துக்கொள்ள வசதி செய்து தருகிறது. தமிழில் செய்வினையாக மாற்றிப் பாருங்கள். ஓர் எழுவாய் கட்டாயம் வேண்டியிருக்கும்.

2030க்குள் இறப்பைப் பாதியாக்குவோம் என்று ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் செயல்திட்டம் வெளியிட்டது. பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாக்குமாறு அதே ஆண்டு நவம்பரில் மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் எழுதியது. கர்நாடகம் முன்பே செய்திருந்தது. தமிழ்நாடும் அம்மாதமே செய்தது. நல்லதுதான். கணக்கு வந்தால்தான் பொறுப்பு வரும். ஆனால் கணக்கெடுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணி மருத்துவர் இல்லையென்றால் ஏடு மட்டுமே நிறையும். கேரளம் 2020இல் பயிற்சி பெற்ற பாம்பு மீட்பாளர்களை ஒரு செயலியில் இணைத்தது. பாம்புக்கடி மரணத்துக்கு இழப்பீடும் தருகிறது. அங்கேயும் 2019 நவம்பரில் சுல்தான் பத்தேரியில் ஒரு பள்ளி வகுப்பறையின் பொந்திலிருந்த பாம்பு கடித்து பத்து வயதுச் சிறுமி இறந்தாள். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதில் நேர்ந்த தாமதம் மாநிலத்தையே உலுக்கியது. இடதுசாரி ஆட்சி நடந்த மாநிலம் என்பதால் நாம் அதைச் சொல்லாமல் விடக்கூடாது. சுவரின் பொந்தை அடைப்பதும் சுகாதாரக் கொள்கையின் பகுதிதான்.

இப்போது கிரேட் நிக்கோபாரில் 72,000 கோடி ரூபாய் மதிப்பில் துறைமுகம், விமான நிலையம், நகரியம் என்று அறிவித்து, 130 சதுர கிலோமீட்டர் காட்டை எடுக்க அனுமதி வழங்கியிருக்கிறார்கள். உப்புநீர் முதலைகள் வாழும் கலாத்தியா விரிகுடா அதற்குள் வருகிறது. ஷொம்பென், நிக்கோபாரி மக்களின் உரிமை குறித்து நம் இதழில் பலமுறை எழுதியாயிற்று. எழுதப்படாதது ஒன்று: அந்தக் காட்டை வெட்டப்போவது யார்? சாத்தத்தின் ரம்பங்களுக்கு மரம் தந்தவர்களின் இடத்தில் இம்முறை ஜார்க்கண்டிலிருந்தும் வங்கத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் ஒப்பந்தக்காரர் கூட்டிவரும் புலம்பெயர் தொழிலாளர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு முழங்கால் வரை காலணி உண்டா, தரையில் படுக்காமல் கட்டில் உண்டா, முகாமில் இரவு விளக்கு உண்டா, கேம்பல் பேயில் எத்தனை குப்பி மருந்தும் எத்தனை சுவாசக் கருவியும் எத்தனை மருத்துவரும் இருப்பார்கள் என்பவை ஒப்பந்தப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். தீவுகளின் தொழிற்சங்கத் தோழர்கள் இக்கோரிக்கையைக் காடு வெட்டத் தொடங்கும் முன்பே நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிவைக்க வேண்டும். தமிழகத்துத் தோழர்கள் அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை; அடுத்த கிளைக் கூட்டத்துக்கு முன் தத்தம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, நள்ளிரவில் கட்டுவிரியன் கடித்து ஒருவர் வந்தால் யார் இருப்பார்கள் என்று கேட்டு வரலாம்.