அல்ஜீப்ரா நம் பெருமை, விடை மட்டும் கடன் சரக்கா?



நம் சமுதாய மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் பெருமை ஒன்றுண்டு. அல்ஜீப்ரா என்ற சொல்லே அரபியிலிருந்து வந்தது. அதற்கு நூல் எழுதியவர் பக்தாதில் வாழ்ந்த முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மி. அவர் பெயரிலிருந்தே அல்காரிதம் என்ற சொல்லும் பிறந்தது. இவை அனைத்தும் உண்மையே. ஆனால் அதே பெருமையைப் பேசும் நம் வீடுகளில், பிள்ளை இணையவழியாகக் கல்லூரி அல்ஜீப்ரா பாடத்தில் சேர்ந்ததும் நாம் சொல்வது என்ன? "எப்படியாவது முடித்துவிடு." அந்த "எப்படியாவது" என்னும் ஒரு சொல்லைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் கல்லூரி அல்ஜீப்ரா ஒரு தொடக்கநிலைப் பாடம். சமன்பாடுகள், இருபடிக் கோவைகள், சார்புகள், அடுக்குகள், மடக்கைகள் ஆகியவை அதில் அடங்கும். வணிகம், கணினி, செவிலியம் எனப் பல துறைகளுக்குச் செல்லும் மாணவர்கள் இந்த வாசலைக் கடக்க வேண்டியிருக்கிறது. அங்கு குடியேறிய நம் குடும்பத்துப் பிள்ளைகளும் இதை வீட்டிலிருந்தே படிக்கின்றனர். காணொளியில் பாடம், கணினியில் பயிற்சி, வாரந்தோறும் சிறு தேர்வு. பல வேளைகளில் கண்காணிக்க எவரும் இல்லை.

சோதனை தொடங்குவது அங்கேதான். கணக்கின் மீது கைப்பேசியைக் காட்டினால் செயலி விடையைப் படிப்படியாகத் தந்துவிடுகிறது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் விளக்கமும் சேர்த்தே எழுதித் தருகிறது. இன்னும் ஒரு படி மேலே போய், கடவுச்சொல்லைப் பிறரிடம் கொடுத்து, கூலியும் கொடுத்து, பாடம் முழுவதையும் அவரே முடிக்கச் செய்வோரும் உள்ளனர். மாமன் மகன் கணிதத்தில் கெட்டிக்காரன் என்றால் கூலியும் மிச்சம். பெற்றோர் இதை அறிந்தும் அறியாதவர்போல் இருந்துவிடுகின்றனர். கேட்டால், "எல்லோரும் செய்வதுதானே" என்கின்றனர்.

எல்லோரும் செய்வதால் ஒரு செயல் ஹலாலாகிவிடுமா? அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். மேலே உலர்ந்த தானியம், உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுவோருக்கும் தமக்கும் தொடர்பில்லை என்பதை அங்கேயே அறிவித்தார்கள். பிறர் எழுதிய விடைகளால் பெற்ற மதிப்பெண் பட்டியல் அந்தக் குவியலிலிருந்து எவ்வகையில் வேறுபட்டது? மேலே காய்ந்த எழுத்து, உள்ளே ஈரம்.

"இதனால் யாருக்கு நட்டம்?" என்று சிலர் வாதிடுவர். நட்டம் உண்டு. மருந்தின் அளவை நோயாளியின் எடைக்கேற்ப விகிதம் போட்டுக் கணக்கிட வேண்டிய செவிலியருக்கு, அந்த விகிதம் உண்மையில் தெரியாவிட்டால் நட்டம் படுக்கையில் கிடப்பவருக்கு. இரவு விழித்துத் தானே படித்து எழுபது மதிப்பெண் பெற்ற மாணவருக்கு, கூலி கொடுத்துத் தொண்ணூறு பெற்றவர் உதவித்தொகையைத் தட்டிச் சென்றால் அதுவும் நட்டமே. அளவையில் மோசடி செய்வோரைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே குர்ஆனில் இருக்கிறது. தராசு கடையில் மட்டும்தான் இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம்.

"எக்ஸ், ஒய் எல்லாம் வாழ்க்கைக்கு எதற்கு?" என்பது மற்றொரு வாதம். இதற்கு அல்குவாரிஸ்மியே விடை கூறுகிறார். வாரிசுரிமை, மரண சாசனம், பங்கீடு, வழக்கு, வணிகம், நில அளவை ஆகியவற்றில் மக்களுக்குத் தேவைப்படுவதை எளிமையாக்கவே தம் நூலை எழுதியதாக அவர் கூறினார். அந்நூலின் பெரும்பகுதி மரண சாசனக் கணக்குகளே. அவற்றுள் ஒன்று இது: ஒருவர் இரு மகன்களை விட்டு இறக்கிறார். சொத்தில் மூன்றில் ஒரு பங்கை வேறொருவருக்கு எழுதி வைத்திருக்கிறார். கையிருப்பு பத்து திர்ஹம். ஒரு மகன் தந்தைக்குத் தர வேண்டிய கடனும் பத்து திர்ஹம். அந்தக் கடனில், அவனுக்குச் சேரவேண்டிய பங்கின் அளவே கழியும். அப்பங்கு எவ்வளவு?

தெரியாத அந்தத் தொகையை அவர் "பொருள்" என்று அழைக்கிறார்; நாம் எக்ஸ் என்கிறோம். சொத்து பத்துடன் ஒரு எக்ஸ். மூன்றில் ஒரு பங்கு சாசனத்துக்குப் போக, மீதியை இருவருக்குப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் அதே மூன்றில் ஒரு பங்கு, அதுவே எக்ஸ். எனவே மூன்று எக்ஸ், பத்துடன் ஒரு எக்ஸுக்குச் சமம். எக்ஸின் மதிப்பு ஐந்து. கையிருப்பில் ஐந்து சாசனக்காரருக்கு, ஐந்து மற்ற மகனுக்கு, கடன்காரனின் பங்கு கடனில் கழிகிறது. யாருடைய உரிமையும் யாரிடமும் தங்காதிருக்கப் பிறந்த கலை இது. பிறர் உரிமையைக் காக்க எழுந்த கல்வியையே மோசடியால் கடப்பதைவிடப் பெரிய முரண் உண்டா?

"கணக்கு வராத பிள்ளை என்ன செய்யும்?" என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. முகம் பார்த்துக் குழப்பத்தை உணரும் ஆசிரியர் இணையத்தில் எதிரே இல்லை. ஆனால் வகுப்பறையில் கிடைக்காத வசதி ஒன்று இங்கே உண்டு: புரியாத இடத்தைப் பத்து முறை திரும்பக் கேட்கலாம், எவரும் சிரிக்கமாட்டார். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட கல்லூரி அல்ஜீப்ரா பாடநூல் இலவசமாகக் கிடைக்கிறது. கான் அகாடமியில் அடிப்படையிலிருந்து பயிற்சி செய்யலாம். தானே முயன்று எழுதிய பின் செயலியில் சரிபார்ப்பது கற்றல். எழுதுமுன் அதைப் பார்த்துப் படியெடுப்பது திருட்டு. பாடத்திட்டம் சரிபார்ப்பதையும் தடை செய்திருந்தால் அதையும் விட்டுவிட வேண்டும். எல்லை அவ்வளவு தெளிவானது.

பெற்றோருக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. மகன் படிக்க அமர்ந்தால் கதவைச் சாத்துகிறோம். மகளோ மருமகளோ அமர்ந்தால், "வீட்டில்தானே இருக்கிறாய்" என்று தேநீருக்கும் விருந்தினருக்கும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்புகிறோம். இருபடிச் சமன்பாட்டைப் பாதியில் விட்டு அடுப்படிக்குச் சென்று திரும்பியவள் மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும். கடைசி நாளில் நேரம் போதாமல் அவள் குறுக்கு வழியை நாடினால், அந்தப் பாவத்தில் நமக்குப் பங்கில்லை என்று சொல்லத் துணிவோமா?

ஆகவே, ஒவ்வொரு வீட்டிலும் இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம், மகனுக்கும் மகளுக்கும் சமமாக, கைப்பேசி இல்லாத படிப்பு நேரமாகட்டும். கணிதம் அறிந்த மூத்த மாணவர்கள் வாரம் ஒருமுறை பள்ளிவாசலில் அமர்ந்து இளையவர்களின் ஐயம் தீர்க்கட்டும். மதிப்பெண் குறைந்து வரும் பிள்ளையிடம், "நீயே எழுதினாயா?" என்று முதலில் கேட்போம். ஆம் என்றால், அந்த அறுபதுக்கு அல்லாஹ்விடம் நன்றி செலுத்துவோம். அடுத்த முறை இன்ஷா அல்லாஹ் அது கூடும். கேமரா இல்லாத அறையிலும் அல்லாஹ் பார்க்கிறான் என்ற உணர்வோடு ஒரு கணக்கைத் தானே போட்டு முடிக்கும் பிள்ளைதான், அல்குவாரிஸ்மியின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படத் தகுதியுடையது.