சுவர் எழுப்பினோம், கம்பியைப் பிரித்தோமா?

 

எங்கள் விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். பீங்கான் தொழில்நுட்பத்தைப் பயிற்றுவிக்கும் அரசுக் கல்வி நிறுவனமும் இங்குண்டு. மின்சாரத்துறையில் பீங்கானுக்கு உள்ள பணி ஒன்றே ஒன்றுதான்: மின்சாரம் செல்லக் கூடாத இடத்திற்குச் செல்லாமல் தடுத்து நிறுத்துவது. தடுப்பு இருக்குமிடத்தில்தான் கம்பியை நம்பலாம். இந்த எளிய உண்மையை, பீங்கான் ஊரிலேயே வாழ்ந்தும் நான் மறந்துபோனேன். அதனால் நேர்ந்த ஒரு சங்கடத்தையே இம்மாதம் தங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மதரஸாவில் ஓதிக்கொடுப்பவனுக்கு, அதிலும் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவனுக்கு, கணினிக் கம்பியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். தெரியாதிருந்ததால்தான் தெரிந்துகொள்ள நேர்ந்தது!

2020ஆம் ஆண்டு, ஊரடங்குக் காலம். பிள்ளைகளின் பாடம் முழுவதும் கணினிக்குள் புகுந்துவிட்டது. எங்கள் வீடோ பாட்டனார் காலத்துக் கட்டடம். ஒன்றரை அடிச் சுவர்கள். கூடத்தில் வைத்த ரூட்டரின் வைஃபை அலை, மாடியறைக்கு ஏறுவதற்குள் மூச்சிழந்தது. அப்போது கடைக்காரர் ஒருவர், "பவர்லைன் அடாப்டர்" என்னும் இரண்டு சிறு பெட்டிகளைக் காட்டினார். ஒன்றைக் கூடத்துப் பிளக்கில் செருகி ரூட்டருடன் இணைக்க வேண்டும். மற்றொன்றை மாடியறைப் பிளக்கில் செருகிக் கணினியுடன் இணைக்க வேண்டும். சுவருக்குள் ஓடும் மின்கம்பியே செய்தியையும் சுமந்து செல்லும். "செருகினால் போதும், ஹஜ்ரத்! வேறொன்றும் வேண்டியதில்லை" என்றார். செருகினேன், பாடமும் வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று அமர்ந்துவிட்டேன்.

ஒரே கம்பியில் மின்சாரமும் செய்தியும் ஒன்றோடொன்று மோதாமல் செல்வது எங்ஙனம்? நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. இப்பெட்டிகள் அனுப்பும் அலைகளோ நொடிக்குப் பல இலட்சம் முதல் சில கோடி முறை அலைகின்றன. ஒரே சாலையில் மாட்டுவண்டிக்கு ஒரு தடமும் பேருந்துக்கு ஒரு தடமும் ஒதுக்கியது போல, இரண்டும் தத்தம் வழியில் செல்கின்றன. பெறும் பெட்டி, மெல்ல அலையும் மின்சாரத்தை விலக்கிவிட்டு விரைந்து அலையும் செய்தியை மட்டும் பிரித்தெடுக்கிறது.

இது புத்தம்புதிய கண்டுபிடிப்பன்று. உயர் அழுத்த மின்பாதையிலேயே பேச்சையும் செய்தியையும் அனுப்பும் முறையை மின் நிறுவனங்கள் 1920களிலேயே கையாளத் தொடங்கிவிட்டன. பெரிய துணைமின் நிலையத்தைக் கடக்கும்போது சற்றே நின்று பாருங்கள். மின்பாதையோடு இணைந்த பெரிய உருளைபோன்ற கம்பிச்சுருள்கள் சில நிலையங்களில் தென்படும். அவற்றினருகே பீங்கான் உறையிட்ட மின்தேக்கிகள் தூண்களைப்போல் நிற்கும். மின்தேக்கி, செய்தி அலையைக் கம்பியில் ஏற்றவும் இறக்கவும் உதவுகிறது. சுருளோ, அந்த அலை உரிய எல்லையைத் தாண்டி வேறு பக்கம் போய்விடாமல் தடுக்கிறது. ஆம், அங்கே அலைக்கு ஓர் அணை கட்டியிருக்கிறார்கள்!

நம் வீட்டில் அத்தகைய அணை ஏதும் உண்டா? இல்லை. இங்கேதான் என் கதை திரும்புகிறது.

குடும்பப் பங்கு பிரித்தபோது எங்கள் வீட்டின் நடுவே சுவர் எழுப்பப்பட்டது. மறுபாதியில் ஓர் இளைஞர் வாடகைக்கு இருந்தார். அவருக்குத் தனியே துணை மீட்டர் வைத்திருந்தோம். ஆனால் சுவருக்குள் ஓடிய பழைய மின்கம்பியை யாரும் முழுமையாகப் பிரிக்கவில்லை. ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் அவர் வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை. "ஹஜ்ரத், நானும் இதே போன்ற பெட்டி வாங்கிச் செருகினேன். உங்கள் கணினியின் கோப்புறைகள் என் கணினியில் தெரிகின்றன. தங்கை நிச்சயதார்த்தப் படங்கள் என்று ஒன்றின் பெயர் இருந்தது. நான் திறக்கவில்லை. தயவுசெய்து பூட்டிக்கொள்ளுங்கள்" என்றார்.

எனக்கு உடல் சில்லிட்டது. வாசலுக்குத் திரையிட்டு, ஜன்னலுக்குக் கதவிட்டு வாழ்கிற வீடு! சுவருக்குள்ளே ஒரு வழி திறந்தே கிடந்ததை எவரும் அறியவில்லை. அவர் நல்லவராயிருந்தார். அந்த இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால்?

காரணத்தைப் பின்னர் விசாரித்தறிந்தேன். 2000ஆம் ஆண்டில் பல நிறுவனங்கள் கூடி 'ஹோம்பிளக்' என்ற கூட்டமைப்பை அமைத்தன. 2001இல் அதன் முதல் தரநிலை வந்தது. வேகம் நொடிக்கு 14 மெகாபிட் என்றார்கள். அதில் செய்தியை மறைக்க 56 பிட் திறவுகோல் பயன்பட்டது. அத்தகைய திறவுகோலை மூன்று நாள்களுக்குள் கண்டுபிடிக்க முடியும் என்பதை அமெரிக்காவில் ஒரு தனி இயந்திரம் 1998லேயே மெய்ப்பித்திருந்தது! 2005இல் வந்த 'ஹோம்பிளக் ஏவி' தரநிலை 128 பிட் கொண்ட வலுவான பூட்டைத் தந்தது. வேகமும் 200 மெகாபிட் என்று உயர்ந்தது. நடைமுறையில் கிடைக்கும் வேகம் இதைவிட மிகக் குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள்.

பூட்டு வலுவானதுதான். ஆனால் பல பெட்டிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது ஒரே பொதுத் திறவுகோலுடன் வருகின்றன. மாற்றாவிட்டால், ஊரிலுள்ள எல்லா வீட்டிற்கும் ஒரே சாவி! மின்மீட்டர் செய்தி அலையை ஓரளவு தளர்த்துமேயன்றி, முற்றிலும் தடுத்துவிடாது. ஆகவே தனி மீட்டர் உள்ளவர்களும், அடுக்குமாடிகளில் வசிப்பவர்களும் நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது.

இனி, செய்ய வேண்டியவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, திறவுகோலை மாற்றுங்கள். பெட்டியில் 'பேர்' அல்லது 'செக்யூரிட்டி' என்று ஒரு பொத்தான் இருக்கும். பல வகைகளில் அதைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் பழைய திறவுகோல் அழியும். பின்பு ஒரு பெட்டியின் பொத்தானை ஒருமுறை அழுத்தி, இரண்டு நிமிடத்திற்குள் மற்றதன் பொத்தானையும் அழுத்தினால், இரண்டிற்கும் மட்டுமேயான புதிய திறவுகோல் அமையும். நிறுவனத்துக்கு நிறுவனம் முறை சற்று மாறலாம். உடன் வரும் கையேட்டைப் படித்துச் செய்யுங்கள்.

இரண்டாவது, எண்ணிப் பாருங்கள். நிறுவனம் தரும் மென்பொருளைக் கணினியில் இயக்கினால், இணைப்பிலுள்ள பெட்டிகளின் பட்டியல் தெரியும். தாங்கள் வாங்கியது இரண்டு. பட்டியலில் மூன்று என்றால், மூன்றாவது யாருடையது?

மூன்றாவது, கணினியில் எல்லோருக்கும் திறந்துவிட்ட கோப்புறைகளை மூடுங்கள். ரூட்டரின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். வாசற்கதவு பூட்டியிருந்தாலும் பீரோவைப் பூட்டுகிறோமல்லவா?

நான்காவது, பெட்டியை நேராகச் சுவர்ப் பிளக்கிலேயே செருகுங்கள். ஸ்பைக் கார்டு பலகையிலோ யு.பி.எஸ்.ஸிலோ செருகினால், அவற்றிலுள்ள வடிகட்டிகள் செய்தியையும் சேர்த்தே வடித்துவிடும். மும்முனை இணைப்புள்ள வீட்டில் இரண்டு பெட்டிகளும் ஒரே முனையில் இருத்தல் நலம். மிக்சி ஓடும்போதோ, மட்டமான சார்ஜர் செருகியிருக்கும்போதோ வேகம் குறைந்தால் வியப்பில்லை. அவை கம்பியில் இரைச்சலை உண்டாக்குகின்றன. இடி மின்னலின்போது பெட்டியைக் கழற்றிவிடுங்கள். பழைய கம்பியைப் பிரிப்பதையோ மாற்றுவதையோ தாங்களே செய்யத் துணியாமல், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.

பிறர் வீட்டிற்குள் அனுமதி பெற்று, ஸலாம் உரைத்தே நுழைய வேண்டுமெனத் திருமறையின் 24ஆம் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. நுழைபவருக்கு அந்தக் கடமை என்றால், வீட்டுக்காரருக்குக் கதவைச் சாத்தி வைக்கும் கடமை உண்டல்லவா? அன்று அந்த இளைஞர் தம் கடமையை நிறைவேற்றினார். நான்தான் என் கடமையில் தவறியிருந்தேன்.

அன்று மாலையே அவரும் நானும் அமர்ந்து, அவரவர் பெட்டிக்கு அவரவர் திறவுகோலை அமைத்துக்கொண்டோம். வேலை முடிய ஐந்து நிமிடமே ஆயிற்று. அதன்பின் மின்பணியாளரை வரவழைத்து, பாட்டனார் காலத்துக் கம்பியையும் இரண்டாகப் பிரித்தோம்.

தங்கள் வீட்டிலும் இப்பெட்டி செருகியிருந்தால், இன்றிரவு இஷா தொழுகைக்குப் பின் அந்தப் பொத்தானைத் தேடிப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.