சோறு ஒரு கரண்டி குறையட்டும்

நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரைப் பரிசோதித்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ‘இண்டியாப்’ ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. இந்திய அளவில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய். புதுச்சேரியில் 26.3 சதவீதம், அதாவது நான்கில் ஒருவருக்கு மேல். இதைவிட அதிகம் கோவாவில் மட்டும்தான், அதுவும் 26.4. உடல் பருமனில் புதுச்சேரிக்கே முதலிடம்: 53.3 சதவீதம்.

உடனே எல்லோரும் மதுக்கடைகளைத்தான் கைகாட்டுவார்கள். தமிழ்நாட்டைவிட இங்கே சரக்கு விலை குறைவு. சாராயக் கடையும் கள்ளுக்கடையும் உரிமத்தோடு நடக்கின்றன. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. குடிக்கு வக்காலத்து வாங்க ஒன்றுமில்லை. ஆனால், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, புதுச்சேரிப் பெண்களில் 100-க்கு 46 பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். மதுவைத் தொட்டே பார்க்காத பெண்கள்தான் இவர்களில் பெரும்பாலோர்.

மதிய நேரத்தில் ஏதாவது ஒரு மெஸ்ஸில் இலையைக் கவனித்தால் விஷயம் புரியும். சாம்பாருக்கு ஒரு குவியல் சோறு, ரசத்துக்கு இன்னொன்று, மோருக்கு மூன்றாவது. ஓரத்தில் ஒரு ஸ்பூன் பொரியல், ஓர் அப்பளம். காலையில் இட்லி அல்லது பொங்கல், இரவில் தோசை அல்லது பரோட்டா. விடிந்தது முதல் படுக்கும்வரை வயிற்றுக்குள் போவது மாவுச்சத்துதான்.

சோற்றை விட்டுச் சப்பாத்திக்கோ கேழ்வரகுக்கோ மாறினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வுக் குழு 2025-ல் வெளியிட்ட முடிவுகள் இந்த நம்பிக்கையைக் கலைக்கின்றன. இந்தியர்களின் உணவு ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அந்த மொத்த அளவைக் குறைக்காமல் தானியத்தை மட்டும் மாற்றினால் சர்க்கரை நோய் ஆபத்து குறைவதில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பயறு, தயிர் போன்றவற்றின் புரதத்தை வைத்தால் குறைகிறது.

இதற்கு வெளியூர் சரக்கு எதுவும் தேவையில்லை. பெரிய மார்க்கெட்டில் மத்தியும் கானாங்கெளுத்தியும் கிடைக்கின்றன. வறுக்காமல் குழம்பு வைத்தாலே போதும். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, கீரை எல்லாம் எந்தத் தெருவிலும் உண்டு. மாலையில் கடற்கரைச் சாலையில் நடக்க வருகிறவர் பஜ்ஜியை விட்டுவிட்டுச் சுண்டல் பொட்டலம் வாங்கலாமே!

டீ விஷயத்தில்தான் கண்டிப்பு வேண்டும். கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது ஐசிஎம்ஆரின் 2024 உணவு வழிகாட்டி. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் போட்டு மூன்று டீ குடித்தாலே அந்தக் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. பிஸ்கட், கேக், குளிர்பானம் எல்லாம் அதற்கு மேல்தான்.

வீட்டில் சமைப்பவர் ஒருவர் மட்டும் மாறினால் போதாது. கல்யாணப் பந்தியில் இலைக்குச் சுண்டலும் காய்கறியும் கூடட்டும். பள்ளி மதிய உணவில் பயறு கூடட்டும். 30 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகப் பார்க்கிறார்கள். இதுவரை பார்க்காதவர்கள் இந்த வாரமே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.