பொற்கருவைக் கோட்டை விட்ட மூணாவது சீசன்

டிஸ்கி: முழுக் கதையும் உடையும். பார்க்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடுங்க.

'மோ தாவ் ட்சு ஷி' சீன அனிமேஷன் தொடர். தவம் பண்ணி உடம்புக்குள்ள பொற்கரு வளர்த்து, வாள் மேல ஏறிப் பறக்கிற ஆளுங்க கதை. 2018-ல முதல் சீசன், 15 எபிசோட், பின்னிப் பெடலெடுத்தாங்க. 2019-ல 8. மிச்சத்தை 2021-ல 12 எபிசோட்ல முடிச்சுட்டாங்க. அங்கதான் வயித்தெரிச்சலே.

படம் வரைஞ்சதுல குறையே இல்லை. அவசரம்தான் குறை. ரிலீஸ் தேதி நெருங்கிடுச்சுன்னு எல்லா வேலையையும் கடைசி வாரத்துல திணிப்போமே, அந்த மாதிரி. (நமக்குத் தெரியாததா!)

வெய் வூஷியன் தன்னோட பொற்கருவையே எடுத்து, அதை இழந்து நின்ன ஜியாங் செங்குக்குக் கொடுத்துடறான். யார்கிட்டயும் மூச்சு விடலை. அப்புறம் அவன் வாளைத் தொடாததுக்கும், பேய்களை ஏவுற வித்தைக்குப் போனதுக்கும் காரணம் அதுதான். ஊரோ திமிர் பிடிச்சவன்னு திட்டுது. வென் நிங் இந்த உண்மையைப் போட்டு உடைக்கிற இடம்தான் மொத்தக் கதைக்கும் உயிர். ஜியாங் செங் அதை ஜீரணிக்கவாவது நேரம் வேணாமா? உடனே அடுத்த சிக்கலுக்குத் தாவிடறாங்க. கடைசி வில்லன் சமாச்சாரத்தையும் ஆளாளுக்கு நின்னு பேசியே தீர்த்துடறாங்க.

இதே நாவலை வச்சு 2019-ல வந்த 'தி அன்டேம்ட்' நாடகத் தொடர் 50 எபிசோட். கிராபிக்ஸ் படு சுமார். ஆனா இதே இடத்துல அழ வச்சுட்டாங்கப்பா.

வீட்டுல இப்போ முதல் சீசன் மட்டும் ரெண்டாவது ரவுண்டு ஓடிட்டிருக்கு.