குழந்தையின் தலை வேகமா வளருதா? மூளையில் நீர் தேங்கும் 'ஹைட்ரோசெபாலஸ்': திருப்பூர் தொழிலாளர் குடும்பங்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

பனியன் கம்பெனிகள் நிறைந்த திருப்பூரில் இஞ்ச் டேப் இல்லாத வீடு குறைவு. துணிக்கு அளவு எடுக்கும் அதே டேப், பச்சிளம் குழந்தையின் மூளைக்குள் உருவாகும் ஒரு ஆபத்தையும் காட்டிக் கொடுக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

போன மாசம் சரியாக இருந்த குல்லா இந்த மாசம் தலைக்குள் போகவில்லை என்றால், "புள்ள நல்லா வளருது" என்று சந்தோஷப்படுவோம். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் சில குழந்தைகளுக்கு மூளைக்குள் திரவம் தேங்கி, அதன் அழுத்தத்தால் தலை பெருசாகும். இதற்குப் பெயர்தான் ஹைட்ரோசெபாலஸ். நேரத்தோடு கண்டுபிடித்தால் சிகிச்சை இருக்கு. தாமதமானால் பார்வை, நடை, அறிவு வளர்ச்சி என எல்லாம் பாதிக்கும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

நம்ம ஊர் 'நீர் கோர்ப்பு' வேற, இது வேற

தலைக்குக் குளித்த பிறகு சளி பிடித்து, நெற்றி கனத்தால் "தலையில நீர் கோர்த்துக்கிச்சு" என்போம். அது சைனஸ் தொந்தரவு. மூளைக்கு வெளியே நடப்பது. ஆவி பிடித்தால் கொஞ்சம் குறையும்.

ஹைட்ரோசெபாலஸ் மூளைக்கு உள்ளே நடப்பது. ஆவி பிடிப்பதோ, பத்துப் போடுவதோ, மந்திரிப்பதோ இதற்கு உதவாது. பெயர் ஒரே மாதிரி இருப்பதால்தான் சில வீடுகளில் கை வைத்தியத்திலேயே வாரங்கள் ஓடிவிடுகின்றன.

தண்ணீர் எப்படித் தேங்குது?

நம் எல்லோருடைய மூளைக்குள்ளும் நான்கு சிறிய அறைகள் உண்டு. அங்கே தெளிவான ஒரு திரவம் ஊறிக்கொண்டே இருக்கும். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடி, அதிர்ச்சியிலிருந்து காப்பாற்றி, கடைசியில் ரத்தத்தில் கலந்துவிடும். பெரியவர்களுக்கு ஒரு நேரத்தில் சுமார் 150 மி.லி. இருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு ஊறுவது சுமார் 500 மி.லி. அதாவது தினமும் மூன்று முறைக்கு மேல் பழையது போய்ப் புதியது வருது.

போகும் வழி அடைத்தாலோ, ரத்தத்தில் கலப்பது குறைந்தாலோ, ஊறுவது மட்டும் நிற்காது. அறைகள் வீங்கி, மூளையை உள்ளிருந்து அழுத்தும். குழந்தைகளுக்கு மண்டை ஓட்டு எலும்புகள் இன்னும் ஒட்டாததால் தலை விரியும். பெரியவர்களுக்கு விரிய வழியில்லை. அதனால் தலைவலி, வாந்தி, மயக்கம் என்று வரும்.

டேப்பை வச்சு எப்படிப் பார்ப்பது?

புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கி, பின்னந்தலையில் அதிகம் புடைத்த இடத்தைச் சுற்றி அளக்கணும். மூன்று முறை அளந்து, பெரிய அளவைத் தேதியோடு எழுதி வைங்க.

- நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு பொதுவாக 33 முதல் 35 செ.மீ.
- முதல் 3 மாதங்களில் மாதத்துக்குச் சுமார் 2 செ.மீ. வளரும்
- அடுத்த 3 மாதங்களில் மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ.
- அதன் பிறகு ஒரு வயது வரை மாதத்துக்குச் சுமார் அரை செ.மீ.

இதைவிட வேகமாக வளர்ந்தால் குழந்தைகள் டாக்டரிடம் காட்டணும். சில குடும்பங்களில் பரம்பரையாகவே தலை பெரிதாக இருக்கும். அதனால் ஒரு அளவை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். மாதா மாதம் எவ்வளவு கூடுது என்பதுதான் முக்கியம்.

கூடவே இதையும் கவனிங்க: உச்சிக்குழி புடைத்து இறுக்கமாக இருப்பது, தலையில் நரம்புகள் புடைத்துத் தெரிவது, கருவிழி கீழ்நோக்கிச் சொருகுவது, பால் குடிக்காமல் வாந்தி எடுப்பது, ஓயாமல் அழுவது அல்லது எப்போதும் சோர்ந்து தூங்குவது. இதில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி போகணும்.

உச்சிக்குழி மூடாத குழந்தைக்கு அந்த வழியாகவே ஸ்கேன் எடுக்கலாம். வலியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை.

காரணம் என்ன?

பிறவியிலேயே திரவப் பாதை குறுகியிருக்கலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். மூளைக்காய்ச்சல், குறிப்பாக இந்தியாவில் காசநோய்க் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சல், இன்னொரு பெரிய காரணம். பிறந்ததும் போடும் பி.சி.ஜி தடுப்பூசி குழந்தைகளை இந்த வகைக் காய்ச்சலிலிருந்து பெருமளவு காக்கும். கட்டி, தலைக் காயம் ஆகியவையும் காரணமாகலாம்.

மற்றொன்று முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறக்கும் 'ஸ்பைனா பைஃபிடா'. இதில் தீவிர வகையுடன் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு மூளையிலும் நீர் தேங்கும். இதில் பெரும்பகுதியைத் தடுக்க முடியும். தேவை ஃபோலிக் அமிலம். ஏற்கெனவே இப்படிக் குழந்தை பெற்ற தாய்மார்களிடம் நடந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, இந்த மாத்திரை மீண்டும் அப்படி நேர்வதை 72 சதவீதம் குறைப்பதாக 1991-ல் காட்டியது.

மாத்திரை எப்போ சாப்பிடணும்? இங்கேதான் சிக்கல்

கருவின் முதுகுத்தண்டு கரு உருவான 28 நாளுக்குள் மூடிவிடும். ஆனால் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனது உறைக்கவே பல வாரம் ஆகும். கர்ப்பம் பதிவு செய்து மாத்திரை கைக்கு வரும்போது அந்த 28 நாள் முடிந்திருக்கும். அதனால் குழந்தைக்குத் திட்டமிடும்போதே, கரு தங்கும் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்கணும். முன்பு பாதிப்புள்ள குழந்தை பிறந்திருந்தால் அளவு பல மடங்கு கூடும். அதை டாக்டர்தான் சொல்லணும்.

"ரேஷன் அரிசியில சத்து சேர்க்கிறாங்களே, போதாதா?" என்று கேட்கலாம். ரேஷன் உள்ளிட்ட திட்டங்களில் 2024-க்குள் செறிவூட்டப்பட்ட அரிசி என்று 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் மோடி அறிவித்தார். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி அந்த அரிசியில் கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கணும். தினமும் 300 கிராம் அரிசி சாப்பிட்டால் கிடைப்பது சுமார் 22 முதல் 37 மைக்ரோகிராம். தேவை 400. அரிசி உதவும், ஆனால் மாத்திரைக்கு மாற்று இல்லை.

சிகிச்சை என்ன?

முக்கிய சிகிச்சை 'ஷண்ட்'. வால்வு வைத்த மெல்லிய குழாய் ஒன்றை மூளை அறையிலிருந்து தோலுக்கு அடியிலேயே வயிறு வரை கொண்டுபோவார்கள். தேங்கும் திரவம் வயிற்றுக்குள் வடிந்து உடலே உறிஞ்சிக்கொள்ளும். சிலருக்குக் குழாய் இல்லாமல், எண்டோஸ்கோப்பி மூலம் மூளை அறையின் அடியில் சிறு துளையிட்டு வழி ஏற்படுத்துவார்கள்.

இந்த வால்வின் கதை தொழிலாளர்களுக்கு நெருக்கமானது. 1950-களில் அமெரிக்காவில் ஜான் ஹோல்டர் என்ற இயந்திரத் தொழிலாளியின் மகனுக்கு இந்த நோய் வந்தது. அப்போதிருந்த குழாய்கள் அடைத்துக்கொண்டே இருந்ததால், அவரே ஒரு வால்வை வடிவமைத்தார். அதிலிருந்துதான் ஷண்ட் சிகிச்சை உலகம் முழுக்கப் பரவியது.

விலை குறைந்த ஷண்டை நம்பலாமா என்ற சந்தேகமும் உண்டு. இந்தியத் தயாரிப்பான சாப்ரா ஷண்டையும், பல மடங்கு விலையுள்ள வெளிநாட்டு ஷண்டையும் உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் ஒப்பிட்டார்கள். 2005-ல் வெளியான முடிவு: ஓராண்டுப் பலனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

எங்கே போவது? செலவுக்கு என்ன வழி?

முதலில் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. பெரிய அறுவை சிகிச்சை தேவை என்றால், நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை உள்ள கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ உண்டு. குடும்பத்தினருக்கும் சிகிச்சை கிடைக்கும். உயர் சிகிச்சைக்குச் சந்தா கட்டிய காலம் பற்றிய விதிகள் உண்டு. கான்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பலருக்கு இ.எஸ்.ஐ எண்ணே இருக்காது. ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருந்தால் அவர்களுக்கு முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கு. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. வெளிமாநிலத் தொழிலாளர்களும், 6 மாதத்துக்கு மேல் இங்கே வசிப்பதாகத் தொழிலாளர் துறை சான்று இருந்தால் சேரலாம். சந்தேகங்களுக்கு 104, அவசரத்துக்கு 108.

ஆபரேஷனோடு முடிஞ்சுதா?

இல்லை. இதுதான் அதிகம் பேசப்படாத விஷயம். குழந்தைகளுக்கு வைக்கும் ஷண்டில் 10-ல் சுமார் 4, இரண்டு ஆண்டுகளுக்குள் அடைத்தோ கிருமி தொற்றியோ பழுதாகலாம். மறுபடி தலைவலி, வாந்தி, அதிகத் தூக்கம், வலிப்பு, குழாய் போகும் வழியில் சிவப்பு, காய்ச்சல் என எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

திரிபுராவைச் சேர்ந்த ஒரு தொழிலாளியின் பெண் குழந்தைக்குத் தலைச் சுற்றளவு 94 செ.மீ. ஆகியிருந்தது. 2013-ல் புகைப்படம் உலகம் முழுக்கப் பரவி உதவி குவிந்த பிறகுதான் டெல்லி அருகே பெரிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. அந்தக் குழந்தை 2017-ல் இறந்துபோனது. புகைப்படம் வைரலாகும் வரை காத்திருக்கும் நிலை வேறு எந்தக் குழந்தைக்கும் வரக் கூடாது.

திருப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஒடிசா, பீகார் என்று ஊர் திரும்பும் குடும்பங்கள் ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, ஷண்ட் விவரம் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளணும். புது ஊர் டாக்டருக்கு அதுதான் ஆதாரம்.

பெரியவங்களுக்கும் வருமா?

வரும். வயதானவர்களுக்குக் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நடை மாறுவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, மறதி மூன்றும் சேர்ந்து வந்தால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீங்க. இதே நோயின் இன்னொரு வகையாக இருக்கலாம். சிலருக்கு ஷண்ட் வைத்தால் நடை நன்றாகவே தேறும்.

குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும்போது, "தலையை அளந்து அட்டையில எழுதுங்க" என்று செவிலியரிடம் கேளுங்கள். கேட்க ஒரு நிமிஷம்தான் ஆகும்.