கழற்றுதலும் பூட்டுதலும்

ஒரு பொருளைக் கழற்றுவதற்குக் கையிருந்தாற் போதும். அதனை மீண்டும் பூட்டுவதற்கு அறிவு வேண்டும். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிய சிறுவன், எல்லாவற்றையும் பூட்டி முடித்த பின்னர், பாயின்மேல் எஞ்சிக் கிடக்கும் பற்சில்லைக் கண்டு திகைப்பது பல வீடுகளிற் காணும் காட்சி. கடிகாரமாயின் நேரந் தவறும். தையல் இயந்திரமாயின் நூல் அறும். அவ்வளவே. உயிரைப் பறிக்கவல்ல கருவியொன்று இவ்வாறு பூட்டப்படுமாயின் யாது நிகழும்? இவ்வாரம் அதனைச் சிறிது ஆராய்வோம்.

கைத்துப்பாக்கியைத் தொட்டறியாதவரே நம்மிற் பெரும்பாலோர். அந்நிலை நீடிப்பதே நன்று. ஆயினும், ஐக்கிய அமெரிக்காவில் அது மிகப் பல வீடுகளின் மேசை இழுப்பறையிற் கிடக்கும் பொருள். அதனை உடையவர்க்கு ஒரு கடமை உண்டு. சுடுந்தோறும் குழலினுள்ளே கரியும் ஈயமும் படிகின்றன. ஈரக் காற்றினால் இரும்பு துருவேறுகின்றது. ஆகவே, அதனைக் கழற்றித் துடைத்து, மெல்லென எண்ணெய் பூசி, மீண்டும் பூட்டுதல் வேண்டும். இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது.

சட்டைப் பையில் அடங்கும் கைத்துப்பாக்கிகளை வகுத்தோருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் ஜோன் மோசஸ் பிறௌணிங் (1855–1926). அவர் வகுத்த சிறு துப்பாக்கியொன்றைக் கோல்ற் நிறுவனம் 1908 இல் விற்பனைக்கு விட்டது. அதன் நீளம் ஏறக்குறைய 11 சென்ரிமீற்றர். நிறை ஏறக்குறைய 370 கிராம். உருவஞ் சிறுத்ததனால் வேலை சிறுத்துவிடவில்லை. பெரிய துப்பாக்கியில் உள்ள குழல், விசை, சுருள்வில், ரவைக்கூடு ஆகிய அனைத்தும் இச்சிறு கூட்டினுள்ளும் அமைதல் வேண்டும். ஓருறுப்பே ஈருறுப்பின் தொழிலைச் செய்யவும் நேரும். சுருள்வில்லோ குறுகியது, வலியது. விரல் சற்று வழுவினால் அறையின் மூலைக்குத் துள்ளி மறையும்.

பூட்டுதற்கு அருமையானது என்று பெயர் பெற்ற துப்பாக்கி வேறொன்று உண்டு. அது உருவிற் பெரியது. வில்லியம் ரூகர், அலெக்சாந்தர் ஸ்டேர்ம் என்னும் இருவர் 1949 இல் கனெற்றிக்கட் மாநிலத்திற் சிறு நிறுவனமொன்றைத் தொடங்கி, அதனை 37.50 டொலருக்கு விற்றனர். அதற்கு முன்னர், போரிற் கைப்பற்றப்பட்ட ஜப்பானியத் துப்பாக்கியொன்றைப் பார்த்து, ரூகர் தம் வீட்டுக் கொட்டகையிலே படிகள் செய்து பார்த்திருந்தார். அந்த ஜப்பானியத் துப்பாக்கியின் பெயர் 'நம்பு'. பெயர் அதுவேயாயினும், எந்தத் துப்பாக்கியையும் நம்பலாகாது என்பதை மாணவர் மறவாதிருப்பாராக.

ரூகரின் துப்பாக்கி மலிவானது, குறி தவறாதது. ஆனால், அதனைப் பூட்டும்போது, சுத்தியலிலிருந்து தொங்கும் சிறு தண்டொன்று, கைப்பிடியின் பின்புறத் துண்டிலுள்ள குழியிற் சென்று பொருந்துதல் வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஊசலாடும். துப்பாக்கியைச் சாய்த்தும் நிமிர்த்தியும் உணர்ந்தறிந்தே அதனைப் பொருத்தலாம். இதற்கு அஞ்சி, கழற்றாமலே வைத்திருப்போம் என்று முடிவு செய்தவர் பலர்.

2004 இல் வந்த 'மார்க் 3' வகையிலே, ரவைக்கூடு உள்ளே இல்லாதபோது சுடாதவாறு தடுக்கும் காப்பு அமைக்கப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆயினும், கழற்றிப் பூட்டுகையிற் சுத்தியலை இறக்குவதற்கு விசையை இழுத்தாக வேண்டும். விசை இயங்குவதற்கு ரவைக்கூட்டைச் செருகியாக வேண்டும். துப்புரவு செய்யும் வேளையிலே ரவைக்கூட்டை அப்பாற் போக்குவதே நன்னெறி. அதனையே மீண்டும் உள்ளே செருகுமாறு காப்பு ஏவியது!

2016 இல் வந்த 'மார்க் 4' வகையிற் பின்புறத்துப் பொத்தானை அழுத்தினால் மேற்பாகம் கீல்போல் எழுந்து திறக்கின்றது. இவ்வெளிமை வருவதற்கு 67 ஆண்டுகள் சென்றன. அத்துடன் தொல்லை தீர்ந்ததா? 2017 இல் அந்நிறுவனமே அவற்றைத் திருத்துவதற்காகத் திரும்ப அழைத்தது. காப்பு நெம்பு இரு நிலைகளுக்கும் நடுவே நிற்கையில் விசையை இழுத்துவிட்டால், பின்னர் நெம்பைத் தள்ளும்போது வெடி எழக்கூடும் என்பதே காரணம். எளிமை வேறு, காப்பு வேறு என்பது இதனாற் புலனாகும்.

இனி, எல்லாவற்றினும் மேலான செய்தி. இவ்வகைத் துப்பாக்கியிலிருந்து ரவைக்கூட்டை எடுத்துவிட்டால் அது வெறுமையாகிவிட்டது என்று எண்ணுதல் தவறு. குழலின் அடியில் ஒரு ரவை தங்கியிருக்கலாம். ஆகவே, முதலில் ரவைக்கூட்டை அகற்றி, அதன் பின்னரே திறந்து, அந்த ரவையையும் வெளியேற்றிக் கண்ணால் நோக்குதல் வேண்டும். இம்முறை மாறினால், வெளியேற்றிய ரவையின் இடத்திற்கு ரவைக்கூட்டிலிருந்து மற்றொன்று ஏறிவிடும். வெறுமையென்று நம்பிய கை விசையை இழுக்கும். செய்த செயல்கள் இரண்டும் சரியே; வரிசை மட்டுமே பிழை. அவ்வரிசைப் பிழைக்கு விலை, அருகில் நிற்பவனின் உயிராகவும் இருக்கலாம்.

ஆதலால், உடையவன் முதலிற் பழகவேண்டியது சுடுதலையன்று, பூட்டுதலை. ரவைகளை வேறோர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, குழந்தைகள் வராத இடத்தில், வெள்ளைத் துணி விரித்த மேசையிலே, கழற்றிய உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலே வைத்து, அறிந்த ஒருவர் அருகிருக்கப் பழகுதல் வேண்டும். எஞ்சிய உறுப்பொன்று கையில் இருக்குமாயின், அத்துப்பாக்கியை எடுத்துச் செல்லவேண்டிய இடம் தொழில் வல்லானின் பட்டறையே. இவ்வளவு பொறுமை தமக்கில்லை என்று எண்ணுவோர், அப்பொருளை வாங்காதிருத்தல் அவர்க்கும் நலம். அவர்தம் அயலார்க்கும் நலம்.