டர்போ எஞ்சினுக்கு எந்த ஆயில்?

அன்புச் சகோதரி ஒருவர் இவ்வாறு எழுதியுள்ளார்: "எங்கள் வீட்டில் டர்போ டீசல் கார் உள்ளது. வளைகுடாவில் பணிபுரியும் என் கணவர், சிந்தெடிக் ஆயிலே ஊற்ற வேண்டும் என்கிறார். மெக்கானிக்கோ, அது வீண் செலவு, மினரல் ஆயிலே போதும் என்கிறார். நான் என்ன செய்வது?"

விலை அதிகம் என்பதாலேயே ஒரு செலவு வீண் விரயம் ஆகிவிடாது. தேவைக்கு மிஞ்சியதே விரயம். எனவே தேவை யாதென முதலில் அறிவோம்.

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் தரும் கருவியே டர்போ. அதன் தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலும். டீசல் எஞ்சினில் அப்புகையின் வெப்பம் 700 டிகிரி செல்சியஸையும் எட்டக்கூடும். அத்தண்டைத் தேயாமல் காத்து, சூட்டையும் தணிப்பது எஞ்சினில் ஓடும் அதே ஆயில்தான்.

நெடுந்தூரம் விரைந்து வந்த வண்டியை உடனே அணைத்துவிட்டால், ஆயிலின் ஓட்டம் நின்றுவிடும். டர்போவில் தேங்கிய ஆயில் சூட்டில் கருகிப் படியும். நாளடைவில் அப்படிவு ஆயில் செல்லும் வழியை அடைத்து, டர்போவையே பழுதாக்கும். மினரல் ஆயில் எளிதில் கருகும். சிந்தெடிக் ஆயிலோ சூட்டை அதிகம் தாங்கும். உங்கள் கணவரின் கூற்றில் நியாயம் உண்டு.

ஆயினும் சிந்தெடிக் என்ற பெயர் மட்டும் போதாது. வண்டியுடன் தரப்பட்ட கையேட்டில், 5டபிள்யூ-30 என்பது போல ஆயிலின் தடிப்பும், அதன் தரக் குறியீடும் அச்சிடப்பட்டிருக்கும். அவ்விரண்டும் டப்பாவின் மேல் உள்ளனவா எனப் பாருங்கள். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிக்கேற்ற டீசல் கார்களில் புகைக்கரி வடிகட்டி இருக்கும். அவற்றிற்கென்றே சாம்பல் குறைந்த ஆயில் உண்டு; வேறு ஆயிலை ஊற்றிவந்தால் வடிகட்டி அடைபடும்.

கையேடு மினரல் ஆயிலை அனுமதிக்கும் பழைய வண்டியாயின், அதையே தயங்காமல் ஊற்றலாம். எந்த ஆயிலாயினும் குறித்த கெடுவில் மாற்றுவது கட்டாயம். நெடும்பயணம் முடிந்ததும் எஞ்சினை ஒரு நிமிடம் நிதானமாக ஓடவிட்டு, அதன்பின் அணையுங்கள். இதற்குச் செலவே இல்லை.

சகோதரியே! அடுத்த முறை ஒர்க்‌ஷாப்புக்குச் செல்கையில் கையேட்டை உடன் கொண்டு செல்லுங்கள். கணவர் வெயிலில் உழைத்து ஈட்டிய பொருள் உங்களிடம் உள்ள அமானிதம். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய், பல்லாயிரம் ரூபாய் பெறும் டர்போவை இழப்பது சிக்கனம் ஆகாது.